வெண்புள்ளி மருந்து: மிகவும் தேவைப்படும் மீனே தாங்க முடியாத குப்பி

நன்னீர் மீன் தொட்டி வைத்திருப்பவர்களிடம் பெரும்பாலும் இருக்கும் மருந்து, மலாக்கைட் கிரீன் என்னும் சாயமும் ஃபார்மால்டிஹைடு கரைசலான ஃபார்மலினும் சேர்ந்த கரும்பச்சைத் திரவம். பல நிறுவனங்கள் பல பெயர்களில் விற்றாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே கலவை என்பதால், இந்த மதிப்புரையை ஒரு பெயருக்கென்று எழுதாமல் அம்மருந்து வகைக்கே எழுதுகிறேன். பல வகை மீன்களிடம் இதைப் பயன்படுத்திப் பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. வெண்புள்ளி நோயை இம்மருந்து தீர்க்கிறது. ஆனால் அந்நோய்க்கு எளிதில் ஆளாகும் மீன்களுள் பல, இம்மருந்தையும் தாங்கும் வலிமை இல்லாதவை. குப்பியின் மேல் அச்சிட்டிருக்கும் ஒற்றை அளவு எல்லா மீனுக்கும் பொருந்தும் என்று நம்பி ஊற்றுபவர் நோயைவிட மருந்தால் அதிக மீன்களை இழக்கக்கூடும். ஆகவே, ஒரே தொட்டியில் ஒரே நீரில் வாழும் மீன்களுள் சில மட்டும் ஏன் முதலில் ஒட்டுண்ணிக்கு ஆளாகின்றன என்பதைச் சொல்லாமல் இம்மருந்தை மதிப்பிட முடியாது.

வெண்புள்ளி நோயை உண்டாக்குவது இக்தியோஃப்திரியஸ் மல்டிஃபிலிஸ் என்னும் ஒரு செல் உயிரி. நாம் காணும் வெள்ளைப் புள்ளி, மீனின் மேல்தோலுக்குள்ளும் செவுளின் மேல்படலத்துக்குள்ளும் உட்கார்ந்து, அங்குள்ள செல்களை உண்டு, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வரை வளர்ந்துவிட்ட ஒட்டுண்ணி. வளர்ந்தபின் அது மீனை விட்டு வெளியேறி, தொட்டியின் அடித்தளத்திலோ செடியிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி ஓர் உறையை அமைத்து, உள்ளே நூற்றுக்கணக்கில் பிரிகிறது. பிறகு உறையை உடைத்து வெளிவரும் நுண்ணிய குஞ்சுகள், ஏறக்குறைய இரண்டு நாட்களுக்குள் ஒரு மீனைக் கண்டுபிடித்துத் துளைத்து நுழைந்தாக வேண்டும், இல்லையேல் இறந்துவிடும். மருந்து கொல்வது இந்த நீந்தும் பருவத்தை மட்டுமே. தோலுக்குள் இருப்பதையும் உறைக்குள் இருப்பதையும் அது எளிதில் தொடுவதில்லை. முதல் நாள் மருந்து ஊற்றிய பிறகு புள்ளிகள் கூடினால் மருந்து பயனற்றது என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். உண்மையில் அவை மருந்து ஊற்றுவதற்கு முன்பே தோலுக்குள் புகுந்து, அதன் பிறகு கண்ணுக்குத் தெரியுமளவு வளர்ந்தவை.

இச்சுழற்சி முழுவதும் நீரின் வெப்பநிலையைப் பொறுத்தது. 25 டிகிரி செல்சியஸை ஒட்டிய நீரில் அது ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். 10 டிகிரியில் வாரக்கணக்கில் நீளும். ஆனால் நான் பார்த்த குப்பிகள் பலவற்றிலும் "ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்று முறை" என்பது போன்ற ஒரே வரிதான் இருக்கிறது. வெப்பமண்டல மீன்கள் வாழும் சூடான தொட்டிக்கு அது ஏறத்தாழப் பொருந்தலாம். ஹீட்டர் இல்லாத குளிர்ந்த தொட்டியில் தங்கமீன் வளர்ப்பவருக்கு அது போதாது. மூன்றாம் அளவு முடிந்து நீரை மாற்றிய பிறகும் உறைக்குள்ளிருந்து புதிய குஞ்சுகள் வெளிவந்துகொண்டிருக்கும். வெப்பநிலைக்கேற்ற கால அட்டவணை ஒன்றைச் சேர்ப்பது எந்த நிறுவனத்துக்கும் பெரிய செலவன்று. அது இல்லாததை இம்மருந்துகளின் பெரிய குறையாகவே கருதுகிறேன். கடைசிப் புள்ளி மறைந்த பின்னும் ஒரு முழுச் சுழற்சிக் காலத்துக்கு மருந்தைத் தொடர வேண்டும் என்பதை வாங்குபவரே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இனி, எந்த மீன் எளிதில் வீழ்கிறது என்ற கேள்வி. செதில் உள்ள மீனுக்குப் பாதுகாப்பு, செதில் இல்லாத மீனுக்கு ஆபத்து என்பது பரவலான நம்பிக்கை. குப்பிகளின் மேலும் இதையொட்டியே "செதிலற்ற மீன்களுக்குப் பாதி அளவு" என்று எழுதியிருக்கிறார்கள். மீனின் உடலமைப்பைச் சற்றுக் கூர்ந்து பார்த்தால் இவ்விளக்கம் போதாது என்பது புரியும். செதில் முளைப்பது உள்தோலிலிருந்து. அதன் மேல், உயிருள்ள செல்களால் ஆன மேல்தோல் போர்த்தியிருக்கிறது. வெண்புள்ளி ஒட்டுண்ணி குடியிருப்பது அந்த மேல்தோலில். அதாவது செதில் இருக்கும் இடத்திலும் ஒட்டுண்ணிக்கு வேண்டிய இடம் செதிலுக்கு மேலேயே இருக்கிறது. செவுளிலோ எந்த மீனுக்கும் செதில் கிடையாது, கொடிய சேதம் நடப்பதும் அங்கேதான்.

உண்மையான முதல் அரண், மேல்தோலின் மீது மீன் இடைவிடாமல் சுரந்து புதுப்பித்துக்கொண்டிருக்கும் வழவழப்பான கோழைப் படலம். அதில் நுண்ணுயிரிகளைச் சிதைக்கும் லைசோசைம் என்னும் நொதி, எதிர்ப்பொருள்கள், நுண்ணுயிரிகளைக் கொல்லும் சிறு புரதங்கள் ஆகியவை கலந்திருக்கின்றன. இப்படலம் எவ்வளவு தடிமன், எவ்வளவு விரைவாகப் புதுப்பிக்கப்படுகிறது, அதில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் இனத்துக்கு இனம் மாறும். இதற்கு மிகத் தெளிவான சான்று கடல்நீர்த் தொட்டிகளில் கிடைக்கிறது. மாண்டரின் மீனுக்குச் செதிலே இல்லை. இருந்தும் அதன் தடித்த கோழையால், கடல்நீர் வெண்புள்ளி நோய் அதனிடம் அரிதாகவே காணப்படுகிறது. அதே தொட்டியில் உள்ள நீல டாங், பவுடர் புளூ டாங் போன்ற சர்ஜன் மீன்களுக்குச் சிறு செதில்கள் உண்டு. ஆனால் புதிய தொட்டியில் முதலில் புள்ளி விழுவது பெரும்பாலும் அவற்றின் மேல்தான். கடல்நீர் நோயை உண்டாக்குவது கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் என்னும் வேறோர் உயிரி, அதற்கு வழக்கமான மருந்து தாமிரம் என்றாலும், செதிலை மட்டும் வைத்துக் கணக்கிடுவது தவறு என்பதை இவ்விரு மீன்களும் காட்டிவிடுகின்றன.

நன்னீரில் வெண்புள்ளிக்குப் பேர்போன மீன் கிளவுன் லோச். இது செதிலற்ற மீன் என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், தோலில் புதைந்த மிக நுண்ணிய செதில்கள் அதற்கு உண்டு. அது ஏன் இவ்வளவு எளிதில் நோயுறுகிறது என்பதற்குத் தோலை மட்டும் காரணம் சொல்லிவிட முடியாது. கூட்டமாக வாழும் இம்மீனை ஒன்றிரண்டாகப் பிரித்துச் சிறு தொட்டிகளில் வைக்கிறார்கள். பிடிப்பிலிருந்து விற்பனை வரை பல கைகளும் பல நீர்களும் மாறி வருகிறது. வெப்பமான நீருக்குப் பழகிய அது, பயணத்தில் குளிர்ந்து போகிறது. மீன் அச்சத்திலும் நெருக்கடியிலும் இருக்கும்போது அதன் உடலில் கார்டிசால் என்னும் இயக்குநீர் உயர்கிறது. அது நீடித்தால் நோயெதிர்ப்புச் செல்களின் வேலையை அடக்கிவிடுகிறது. குளிர் இரத்த உயிரியான மீனுக்கு, நீரின் வெப்பம் இறங்கும்போது எதிர்ப்பொருள் உருவாகும் வேகமும் இறங்குகிறது. ஹீட்டர் நின்றுபோன இரவுக்குப் பிறகு வெண்புள்ளி தோன்றுவதை மீன் வளர்ப்பவர்கள் தொடர்ந்து சொல்லி வருவதற்குக் காரணம் இதுவே. மேலும் லோச் அடித்தளத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப் படுக்கும் மீன். உறைகள் வெடிப்பதும் பெரும்பாலும் அங்கேதான். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் கணிப்பு.

நீரின் தன்மை இதில் பெரும்பங்கு வகிக்கிறது. ஆனால் மீன் வாங்கும்போது பலரும் இதைக் கேட்பதே இல்லை. மோலி கடினநீரையும் சற்று உப்பு கலந்த நீரையும் விரும்பும் மீன். அதை மென்மையான நீரில் விட்டால் உடம்பை ஒரே இடத்தில் ஆட்டிக்கொண்டு நிற்கும், பின்பு வெண்புள்ளியோ பூஞ்சையோ பற்றிக்கொள்ளும். நியான் டெட்ரா அதற்கு நேர்மாறாக, மென்மையான அமில நீரிலிருந்து வந்தது. இவ்விரண்டையும் ஒரே தொட்டியில் வைப்பவர், ஏதேனும் ஒன்றின் எதிர்ப்பாற்றலை நாள்தோறும் கரைத்துக்கொண்டிருக்கிறார். பரம்பரையும் புறக்கணிக்கத் தக்கதன்று. நிறத்துக்காகவும் வாலுக்காகவும் தலைமுறை தலைமுறையாக நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்யப்பட்ட அலங்கார கப்பிகளில், ஒட்டுண்ணிகளை அடையாளம் காண உதவும் மரபணுக்களின் பன்மை குறைந்துபோகிறது. காட்டு கப்பியின் உறுதியை அவற்றிடம் எதிர்பார்க்க முடியாது. அழகுக்காக நாம் செய்த தேர்வின் விலையை அம்மீன்கள் செலுத்துகின்றன என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது.

தொற்றுக்கு ஆளாவது வேறு, தொற்றால் இறப்பது வேறு. பெட்டாவும் கௌராமியும் செவுளோடு கூட, காற்றை நேராக உட்கொள்ளும் லேபிரிந்த் என்னும் உறுப்பும் கொண்டவை. செவுள் ஓரளவு சிதைந்தாலும் மேற்பரப்புக்கு வந்து மூச்செடுத்துத் தாக்குப்பிடிக்கின்றன. கட்டைவிரல் நகத்தளவு டெட்ராவுக்குச் செவுளில் விழும் சில ஒட்டுண்ணிகளே போதும். கையளவு தங்கமீனோ அதைப் போலப் பல மடங்கு சுமையைத் தாங்கும். எனவே ஒரு தொட்டியில் டெட்ராக்கள் புள்ளியே தெரியாமல் இறந்து, தங்கமீன் உடலெங்கும் புள்ளியோடு உயிரோடிருப்பதைப் பார்த்தால், டெட்ராவுக்கு வேறு நோய் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. செவுளில் மட்டும் இருந்த தொற்று வெளியே தெரிந்திராது.

இப்போது குப்பிக்கு வருகிறேன். வழக்கமான கலவை, தொட்டி நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 25 மில்லிகிராம் ஃபார்மலினும் 0.1 மில்லிகிராம் அல்லது அதைவிடக் குறைவான மலாக்கைட் கிரீனும் சேரும்படி அமைந்திருக்கும். இரண்டும் தனித்தனியே தருவதைவிடச் சேர்ந்து தரும் பலன் அதிகம். வெண்புள்ளியைப் பொறுத்தவரை இக்கலவையின் நற்பெயர் நியாயமானதே. சரியான வெப்பநிலையில், சரியான இடைவெளியில் தரப்பட்ட தங்கமீன், பார்ப், டேனியோ, பெரிய சிக்லிட் மீன்கள் ஆகியவற்றில் இது நம்பத்தக்கதாக வேலை செய்கிறது. தோலைத் தாக்கும் காஸ்டியா, சிலோடொனெல்லா, ட்ரைக்கோடினா போன்ற பிற ஒரு செல் ஒட்டுண்ணிகளையும் கட்டுப்படுத்துகிறது. நுண்ணோக்கி இல்லாத வீட்டில், இன்ன ஒட்டுண்ணி என்று உறுதிசெய்ய முடியாத நிலையில், இந்தப் பரந்த வீச்சு ஒரு பெரிய நன்மை.

ஆனால் மலாக்கைட் கிரீன் செவுள் வழியே எளிதாக உடலுக்குள் சென்று, செல்கள் ஆற்றல் எடுக்கும் வழியையே தடுக்கும் நஞ்சு. ஒட்டுண்ணியைக் கொல்லும் அளவுக்கும் மீனைக் கொல்லும் அளவுக்கும் இடையே உள்ள இடைவெளி, உறுதியான மீனுக்கு ஓரளவு அகலம்; லோச், டெட்ரா, பல கெளுத்தி வகைகள் ஆகியவற்றுக்கு மிகக் குறுகியது. இங்கேதான் "செதிலற்ற மீன்களுக்குப் பாதி அளவு" என்ற வரி வாங்குபவரைத் தவறான வழியில் இட்டுச்செல்கிறது. நியான் டெட்ராவின் உடலில் செதில் கண்ணுக்குத் தெரிகிறது. கோரிடோராஸ் என்னும் கெளுத்தியின் பக்கங்களில் எலும்புத் தகடுகளே இருக்கின்றன. அவ்வரியை மட்டும் படித்தவர் இவ்விரண்டுக்கும் முழு அளவைத் தருவார். மருந்தை எளிதில் தாங்காத மீன்களின் பெயர்களை நேராக அச்சிட்ட குப்பிகளும் இருக்கின்றன. தேர்ந்தெடுக்கும் வாய்ப்பிருந்தால் அத்தகையதையே வாங்குங்கள்.

பாதி அளவு என்பதும் முழுத் தீர்வாகாது. அளவு குறையும்போது நீந்தும் குஞ்சுகளுள் சில தப்பும். அதை ஈடுகட்டச் சிகிச்சைக் காலத்தை நீட்டியாக வேண்டும். அவ்வளவு நாள் மருந்து நீரில் வாழ்வதே மெலிந்த மீனுக்குச் சுமையாகிறது. கிளவுன் லோச் மட்டும் உள்ள தொட்டிக்கு நான் இம்மருந்தை முதல் தேர்வாகப் பரிந்துரைக்க மாட்டேன். அம்மீன் 30 டிகிரி வெப்பத்தை நன்கு தாங்கும். நீரை நாளுக்கு ஓரிரு டிகிரியாக அந்த அளவுக்கு உயர்த்தி, காற்றூட்டத்தைக் கூட்டி, அடித்தளத்தை அடிக்கடி உறிஞ்சிச் சுத்தம் செய்து ஓரிரு வாரம் காத்தால், பெரும்பாலான வெண்புள்ளி வகைகள் அவ்வெப்பத்தில் பெருக முடியாமல் ஓய்ந்துவிடும். ஓயாவிட்டால் மட்டும் பாதி அளவு மருந்து. தங்கமீனுக்கும் குளிர்நீர் மீன்களுக்கும் இவ்வழி பொருந்தாது. அவற்றுக்கு மருந்தே மேல்.

மருந்தும் வெப்பமும் சேரும்போது ஒரு கூடுதல் ஆபத்து உண்டு. ஃபார்மலின் நீரிலுள்ள ஆக்சிஜனைக் குறைக்கிறது. 5 மில்லிகிராம் ஃபார்மலினுக்கு 1 மில்லிகிராம் ஆக்சிஜன் போகும் என்பது மீன் பண்ணைகளில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அப்படியானால் முழு அளவு மருந்து, ஒரு லிட்டருக்கு 5 மில்லிகிராம் வரை எடுத்துவிடக்கூடும். 30 டிகிரி நீர் முழுமையாக நிறைந்திருந்தாலும் அதில் கரைந்திருப்பது ஏறக்குறைய 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான். ஏற்கெனவே செவுள் சிதைந்து மூச்சுக்குத் தவிக்கும் மீனுக்கு இது என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஏர் பம்ப் இல்லாத தொட்டியில் இம்மருந்தை ஊற்றவே கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வேன். குப்பிகளிலோ இது எங்கோ ஒரு மூலையில், மிகச் சிறிய எழுத்தில், "காற்றூட்டம் நல்லது" என்ற அளவில்தான் இருக்கிறது.

இம்மருந்து செய்யாதவற்றையும் சொல்ல வேண்டும். ஏனெனில் மெலிந்து, ஒதுங்கி நிற்கும் எந்த மீனுக்கும் முதலில் இதையே ஊற்றும் பழக்கம் பரவியிருக்கிறது. டிஸ்கஸ் வாழும் 28 முதல் 30 டிகிரி நீரில் வெண்புள்ளி பெரிதாகத் தலையெடுப்பதில்லை. அம்மீனை வாட்டுவது குடலில் வாழும் ஸ்பைரோநியூக்ளியஸும் செவுளில் பற்றும் தட்டைப்புழுக்களும். முன்னதற்கு மெட்ரோனிடசோல், பின்னதற்குப் பிராசிகுவாண்டல் என்று வேறு மருந்துகள் இருக்கின்றன. குட்டி போடும் கப்பி, மோலி வகைகளின் ஆசனவாயிலிருந்து சிவந்த இழைபோல் நீட்டிக்கொண்டிருக்கும் கமல்லானஸ் புழுவை இக்கலவை தொடவே தொடாது. நியான் டெட்ராவின் தசையை வெளிறச் செய்யும் பிளெய்ஸ்டோஃபோரா நோயில் இதனால் எள்ளளவும் பயனில்லை. தொற்றிய மீனைப் பிரித்தெடுப்பதே மற்றவற்றைக் காக்கும் வழி. எந்த மீனுக்கு எந்த ஒட்டுண்ணி பொருந்தி வரும் என்று தெரிந்து வைத்திருந்தால், வீணாகும் குப்பிகளும் வீணாகும் நாட்களும் குறையும்.

பயன்படுத்தும் முறையில் சில குறிப்புகள். வடிகட்டியிலுள்ள கரியை எடுத்துவிட வேண்டும். இல்லையெனில் அது மருந்தை உறிஞ்சிவிடும். யூ.வி. விளக்கையும் அணைத்து வைக்க வேண்டும். மலாக்கைட் கிரீன் ஒளியில் சிதையும் என்பதால் தொட்டி விளக்கைக் குறைப்பது நல்லது. ஒவ்வொரு அளவுக்கும் முன்பு நீரில் கால் பங்காவது மாற்றி, அழுக்கை உறிஞ்சி எடுத்தால் உறைகளும் ஓரளவு வெளியேறும், மருந்தும் அழுக்கில் வீணாகாது. நத்தை, இறால் உள்ள தொட்டியில் இதை ஊற்ற வேண்டாம். சிலிகான் ஓரங்களில் ஏறும் நீலக்கறை போகாது.

முடிந்தவரை இதைப் புதிய மீன்களுக்கென்று ஒதுக்கிய தனித் தொட்டியிலேயே பயன்படுத்துமாறு பரிந்துரைக்கிறேன். அதற்கு இன்னொரு வலுவான காரணமும் இருக்கிறது. வெண்புள்ளியிலிருந்து ஒருமுறை பிழைத்த மீனின் கோழையில், அவ்வொட்டுண்ணியின் மேற்பரப்புப் புரதத்தை அடையாளம் காணும் எதிர்ப்பொருள்கள் உருவாகின்றன. அவை உள்ளே நுழைந்த ஒட்டுண்ணியையும் தோலை விட்டு வெளியேறச் செய்யும். அத்தகைய மீன் புள்ளி எதுவும் தெரியாமல், செவுளில் மிகச் சிறிய அளவில் தொற்றைத் தாங்கிக்கொண்டிருக்கலாம். பழைய தொட்டியில் புதிதாக விட்ட மீன் மட்டும் நோயுற்று, பழையவை நலமாக இருந்தால், பலரும் புதிய மீன்தான் நோயைக் கொண்டுவந்தது என்கிறார்கள். தொற்று பழைய மீனிடமிருந்து வந்து, எதிர்ப்பாற்றல் இல்லாத புதியதில் வெடித்திருக்கவும் கூடும். அப்போது புதிய மீனை மட்டும் தனியே எடுத்து மருந்து தந்து அதே தொட்டிக்குத் திருப்பினால் மீண்டும் அதே நிலைதான். முழுத் தொட்டிக்கும் ஒரு சுழற்சி முடியும் வரை மருந்து தர வேண்டியிருக்கும்.

பாதுகாப்பைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். ஃபார்மலினிலுள்ள ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என வகைப்படுத்தப்பட்டது. மலாக்கைட் கிரீன், உணவுக்காக வளர்க்கும் மீன்களில் ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா உள்ளிட்ட இடங்களில் தடைசெய்யப்பட்டது. அதன் எச்சம் மீனின் உடலில் நெடுநாள் தங்குகிறது. ஆகவே கையுறை அணிந்து, சன்னல் திறந்த அறையில் அளந்து ஊற்றுங்கள்; கருவுற்றிருப்பவர்கள் இதைக் கையாளவே வேண்டாம்; உண்ணும் மீன் வளரும் குளத்தில் ஒரு துளியும் சேரக் கூடாது. குப்பியைக் குளிர்சாதனப் பெட்டியிலும் வைக்கக் கூடாது. மிகக் குளிர்ந்தால் ஃபார்மலினிலிருந்து பாராஃபார்மால்டிஹைடு வெண்படிவாகப் பிரியும், அது மீன்களுக்கு மூல மருந்தைவிடக் கொடிய நஞ்சு. கரும்பச்சைத் திரவத்தில் அது எளிதில் தெரியாது என்பதால், குப்பியை அசைக்காமல் வெளிச்சத்தில் சாய்த்து அடிப்பகுதியைப் பாருங்கள். வெள்ளைப் படிவு கண்ணில் பட்டால், குலுக்கிக் கலக்க முயலாமல், அந்தக் குப்பியை அப்படியே ஒதுக்கிவிடுங்கள்.